மூன்று டேப், ஒரே லாக்இன்

டேப்லெட் வாங்கப் போகிறவர்கள் என்னைக் கேட்காமல் வாங்கமாட்டார்கள் என்று நான் நம்பிய காலம் ஒன்று உண்டு. (யாரும் கேட்டதில்லை. நானாகப் போய்ச் சொல்வேன்.)

தங்கை கவிதாவுக்கு இன்ஜினியரிங் கவுன்சலிங். கல்லூரிகளை விருப்ப வரிசையில் இணையதளத்தில் பதிந்து 'லாக்' செய்ய அன்றுதான் கடைசி நாள். விழுப்புரம் கல்லூரிதான் முதலில் வரவேண்டும்; அப்படியே பதிந்தும் வைத்திருந்தாள், லாக் செய்வதுதான் பாக்கி. அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்: "திண்டிவனத்துல பஸ் ஏறுனா சாயந்திரம் வூட்டுக்கு வந்துடணும். ஆஸ்டலு கீஸ்டலுன்னா படிப்பே வாணாம்."

வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு மணிவரை ராகுகாலம், அதுவரை லாக் பண்ணக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. அவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார என்னால் ஆகுமா? என்னுடைய டேப், மாமாவிடம் இரவல் வாங்கிய விலையுயர்ந்த டேப், பரணில் கிடந்த பழைய டேப் மூன்றையும் வரிசையாக வைத்தேன். எதில் இணையம் நன்றாக ஓடுகிறது என்று கண்டுபிடிக்க, மூன்றிலும் கவிதாவின் கணக்கையே திறந்தேன்.

மாமாவுடையதில் பக்கம் வழுக்கிக்கொண்டு ஓடியது. என்னுடையதில் எழுத்தெல்லாம் எறும்பு சைஸ், பெரிதாக்கினால் பட்டன் திரைக்கு வெளியே போய்விடும். பழையதில் கீபோர்டு பாதித் திரையை விழுங்கியது. அதில் பட்டியல் எப்படி நகர்கிறது என்று பார்க்கக் கடைசிவரை தள்ளி, அகப்பட்ட நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரி ஒன்றை முதலிடத்தில் போட்டு 'சேவ்' அழுத்தினேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"இன்னாண்ணா பண்ணிக்கினு இருக்க? அது என் அக்கவுண்டுண்ணா!"

"சும்மா டெஸ்டிங். இந்த டேப்பு செத்துப்போச்சு, வுடு" என்று அதைக் கவிழ்த்து வைத்தேன்.

பன்னிரண்டு அடித்ததும் அம்மா கற்பூரம் ஏற்ற, மாமாவின் டேப்பில் லாக் செய்தோம். அந்தத் திரையில் விழுப்புரம்தான் முதலில் இருந்தது, சத்தியமாக. ஆனால் கவிழ்ந்து கிடந்த சனியன் அதற்குள் சத்தமில்லாமல் சேவ் செய்து முடித்திருந்தது. தளத்துக்குக் கடைசியாகப் போன பட்டியல்தான் கணக்கு என்பது எனக்கு அப்போது தெரியாது. நாகர்கோவில் சீட் வந்தபோது தெரிந்தது.

கவிதா தேம்பித் தேம்பி அழுதாள். "படிப்பே வாணாம்" என்றார் அப்பா. மூன்று நாள் அவர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். எனக்கே என்னைச் செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. கடைசியில் இறங்கி வந்தார்: "ஒவ்வொரு லீவுக்கும் நீதான்டா கொண்டாந்து, கொண்டும்போய் வுடணும்." நான்கு வருடம், விழுப்புரம் ஜங்ஷனில் ரயிலேறி, முன்பதிவில்லாத பெட்டியில் நின்றுகொண்டே அந்தத் தண்டனையை அனுபவித்தேன்.

இப்போது அவள் வேலையில் இருக்கிறாள். இந்த வருடம் மாமா பெண்ணுக்குக் கவுன்சலிங். பொறுப்பேற்ற கவிதா போட்ட முதல் உத்தரவு: "அண்ணன மொதல்ல மேல்மலையனூர் பஸ்ல ஏத்துங்க. அப்பால சைட்டத் தொறக்கலாம்."

அன்று அமாவாசை. அங்காளம்மன் கோயில் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே போன் போட்டேன்.

"கவிதா, எந்த டேப்ல பாத்துக்கினு இருக்கீங்க?"

கட் பண்ணிவிட்டாள். மறுபடி போட்டேன். சுவிட்ச் ஆஃப்.