'நான்தான்' என்று சொன்ன எருமை

ஒரு காட்டில் எல்லோருமே நல்லவர்களாக இருந்தார்கள். கெட்டது நடக்கத்தான் செய்தது. ஆனால் அதை யாரும் செய்யவில்லை.

காரணம், அங்கே எதற்கெடுத்தாலும் பூக்கட்டிப் பார்க்கும் வழக்கம். பாறைக் கோயிலில் பூசாரிக் குரங்கு ஒரு சிவப்புப் பூவையும் ஒரு வெள்ளைப் பூவையும் தனித்தனி இலையில் மடித்துச் சாமி முன்னால் போடும். டோக்கன் வாங்கி, வரிசையில் நின்று, ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். சிவப்பு வந்தால் செய்யலாம், வெள்ளை வந்தால் கூடாது. அதன்பின் என்ன நடந்தாலும் பொறுப்பு பூவுக்கு. முயல் குடும்பத்தையே தின்று தீர்த்த புலிகூட, "நானா தின்னேன்? பூ சொல்லிச்சு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டது. புலி போனால் மட்டும் சிவப்பே வருவது எப்படி என்று குரங்கை யாரும் கேட்கவில்லை. கேட்கலாமா என்று பூக்கட்டிப் பார்த்தவர்களுக்கு வெள்ளை வந்திருந்தது.

அந்தக் காட்டில் வெள்ளையம்மா என்று ஒரு காட்டெருமை. நிறம் அட்டக்கறுப்பு, பெயரையும் பூதான் சொல்லியிருக்கும். ஒரு கோடை மத்தியானம் அவள் தண்ணீர் குடிக்க ஏரிக்கு வந்தபோது, ஒரு மான்குட்டி கழுத்தளவு சேற்றில் புதைந்து கிடந்தது. கரையில் நல்ல கூட்டம். நரி செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

"ஏய்யா, யாராச்சும் எறங்கலாமில்ல?" என்றாள் வெள்ளையம்மா.

"பெத்தவளே டோக்கன் வாங்கிட்டு வரிசையில நிக்கிறா. நமக்கென்னக்கா அவசரம்?" என்றது நரி.

கோயில் பக்கம் பார்த்தாள். வரிசை வளைந்து வளைந்து போயிருந்தது. குட்டியைப் பார்த்தாள். மூக்கு மட்டும் தெரிந்தது. இறங்கவும் செய்யலாம், பேசாமல் தண்ணீர் குடித்துவிட்டுப் போகவும் செய்யலாம் என்பது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. இறங்கிவிட்டாள். கொம்பால் நெம்பி, முதுகில் ஏற்றி, குட்டியைக் கரை சேர்த்தாள்.

கூட்டம் கைதட்டப் போய் நிறுத்திக்கொண்டது. "எந்தப் பூ வந்துச்சு?" என்று கேட்டது நரி.

"பூவெல்லாம் பாக்கலப்பா."

"அப்ப யாரு எறக்குனது?"

"நான்தான்."

அந்தக் காட்டில் அதுவரை யாரும் சொல்லாத வார்த்தை அது. சிங்கராஜாவின் சபை உடனே கூடியது. நரிதான் அங்கே வக்கீல்.

"மகாராஜா, நம்ம கேஸெல்லாம் ஏன் வருஷக்கணக்கா இழுத்துக்கிட்டுக் கெடக்கு? செஞ்சவங்க யாருமில்ல. இப்ப சுயமாச் செய்யக்கூடிய ஆளு ஒருத்தி சிக்கியிருக்கா. காட்டுல வேற யாராலயும் எதையும் செய்ய முடியாதுன்னா, நடந்ததையெல்லாம் யாரு செஞ்சிருப்பா?"

சபை வெள்ளையம்மாவைப் பார்த்தது. கரடி வீட்டுத் தேன் திருட்டு, யானை மிதித்த எறும்புப் புற்று, முயல் குடும்பம், எல்லாம் அவள் தலையில் விழுந்தன. "நான் புல்லு திங்கிறவங்க" என்றாள். எடுபடவில்லை.

குட்டியின் தாயைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். "நல்லாயிருப்பே தாயி" என்று வெள்ளையம்மாவின் காதில் சொல்லி அழுதது மான். பிறகு சபையைப் பார்த்து, "எனக்கு வெள்ளை வந்துருச்சுங்க. பேசக் கூடாதாம்" என்றது.

சிங்கத்துக்கே மனசு கேட்கவில்லை. "'ஏதோ ஒண்ணு பிடிச்சுத் தள்ளிருச்சு'ன்னு சொல்லிரு, வெள்ளையம்மா. இப்பவே விட்டுடறேன்."

சொல்லியிருக்கலாம். ஆனால் புலி சொன்னதும் அதைத்தானே என்று நினைத்தபோது அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"யாரும் தள்ளலைங்க. நான்தான்."

சிங்கம் பெருமூச்சு விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தது. "காட்டை விட்டுப் போயிரு. நான் சொல்லலம்மா, பூ சொல்லுது."

வெள்ளையம்மா எல்லை தாண்டும்போது பின்னால் குளம்புச் சத்தம் கேட்டது. மான்குட்டி. காதில் இன்னும் சேறு.

"யாரைக் கேட்டுடா போறே?" என்று தாய் கத்தியது.

"யாரையும் கேக்கலம்மா" என்றது குட்டி.

"நல்லதாப் போச்சு," என்றது நரி. "இனிமே வர்ற கேஸுக்கும் ஆள் கெடச்சாச்சு."

நீதி: தவறிப்போய் நல்லது செய்துவிட்டால், பழியை உடனே விதியின் மேல் போட்டுவிடுங்கள். இதை நான் சொல்லவில்லை; பூக்கட்டிப் பார்த்தேன், சிவப்பு வந்தது.