இலை வழியாகச் சத்து

உலகம் தோன்றிய நாளிலிருந்து பிள்ளைகள் எந்த முன்னேற்பாடும் இல்லாமல்தான் பிறந்துகொண்டிருந்தன. பெரிய பெரிய ராஜாக்கள்கூட அப்படித்தான் பிறந்தார்கள். இந்த ஒழுங்கீனத்துக்கு முடிவு கட்டி, பிறக்காத பிள்ளைக்கு ஒரு ரிஜிஸ்டர் திறந்த பெருமை, அரிமளத்தில் வசித்த நகல் குமாஸ்தா ஆத்மநாதன் அவர்களையே சேரும்.

நகல் குமாஸ்தாதானே என்று இளப்பமாக எண்ணிவிடக் கூடாது. பத்து வருஷ சர்வீஸில், மூலத்தில் இல்லாத ஒரு புள்ளியைக்கூட அவர் நகலில் வைத்தவரல்ல. உள்ளதை உள்ளபடி எழுதுவார். அது ஒன்றுதான் அவருக்குத் தெரியும்.

அந்த வருஷம் புதுக்கோட்டையில் 'ஆரோக்கிய வாரம்' கொண்டாடினார்கள். படம் காட்டுவார்கள் என்று நம்பிப் போன ஆத்மநாதன் ஒரு டாக்டரின் பிரசங்கத்தில் மாட்டிக்கொண்டார். பிள்ளை வேண்டுமானால் தாயாகப் போகிறவளின் உடம்பை முதலில் தேற்ற வேண்டும். பால், முட்டை, நெய், ஓய்வு, தேகப்பயிற்சி எல்லாம் ஆறு மாதம் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். தகப்பனாகப் போகிறவர் மூக்குப்பொடியை விட வேண்டும் என்றும் சொன்னாராம். அந்த இடத்தில் ஆத்மநாதனுக்குத் தும்மல் வந்துவிட்டதால் அது காதில் விழவில்லை.

கலியாணமாகி மூன்று வருஷமாகியும் அவருக்குப் பிள்ளை இல்லை. அவருடைய தாயார் உண்ணாமலை, கொடும்பாளூரிலிருக்கும் தன் தம்பி வெள்ளைச்சாமியின் மகளை இரண்டாந்தாரமாகக் கொண்டுவரப் பேசி வைத்திருந்தாள். ஆனால் ஆத்மநாதன் நியாயஸ்தர். மனைவி சொர்ணவல்லிக்கு ஆடியிலிருந்து தை வரை 'அவகாசம்' வழங்கினார். அதற்குள் அவள் எடை மூன்று வீசை ஏற வேண்டும். ஏறாவிட்டால் தாயாகத் 'தகுதியில்லை'. கொடும்பாளூர்ப் பெண் வந்துவிடுவாள்.

சொர்ணவல்லிக்குத் தாய் தகப்பன் இல்லை. இந்த வீட்டை விட்டால் வேறு வாசல் கிடையாது. ஆகவே அந்த மூன்று வீசைக்காக அவள் எதையும் செய்யத் தயாராக இருந்தாள். சாப்பிடக்கூடத் தயாராக இருந்தாள்.

உமர் பாரூக் ராவுத்தரின் கடலை மண்டியில் மூட்டை நிறுக்கும் பெரிய தராசு இருந்தது. ஒரு தட்டில் எடைக்கற்கள், மறு தட்டில் சொர்ணவல்லி. இருபத்தொன்பது வீசை. 'ஒப்பு நோக்கும் பொருட்டு' ஆத்மநாதனும் ஏறினார்; நாற்பத்தைந்து. தாயார் முப்பத்தாறு. மூன்றும் ரிஜிஸ்டரில் ஏறின.

தேகப்பயிற்சிக்கு ஒரு ஜோடி கர்லாக்கட்டை வந்தது. சொர்ணவல்லி தினமும் நாலு நடை ஊருணியில் தண்ணீர் எடுப்பவள். இரண்டு மரக்கால் நெல் குத்துபவள். அதையே பயிற்சியாக எழுதிக்கொள்ளக் கூடாதா என்று பயந்து பயந்து கேட்டாள்.

"அது வேலை. இது தேகப்பயிற்சி. ரெண்டையும் ஒண்ணா எழுத ரிஜிஸ்டர்ல எடமில்ல" என்றார் ஆத்மநாதன்.

அவள் உலக்கையைச் சாத்திவிட்டுக் கர்லாக்கட்டையைத் தூக்கினாள்.

மத்தியானம் ஒரு மணி நேரம் ஓய்வு. அந்த ஓய்வை மாமியார் படுத்து எடுத்துக்கொண்டாள். மருமகள் கால் பிடித்துவிட்டாள். பால் தினமும் அரைப்படி. அது பதமாகக் காய்ந்திருக்கிறதா என்று மாமியார்தான் பார்ப்பாள். கடைசிச் சொட்டு வரைக்கும் பார்ப்பாள்.

முட்டை விஷயத்தில் வீட்டு வழக்கம் குறுக்கே வந்தது. புருஷன் சாப்பிட்டு எழுந்த பிறகு, அதே இலையில்தான் பெண்சாதி உட்கார வேண்டும். முதல் நாள் சொர்ணவல்லி இரண்டு முட்டை அவித்து, உரித்து, நெய் விட்டு வைத்தாள். அவள் முறை வந்தபோது இலையில் நெய்க் கறையும் மஞ்சள் துணுக்கு ஒன்றும் இருந்தன. இலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பாக்குற? சத்தெல்லாம் எலையிலதான் ஒட்டியிருக்கு. வழிச்சுச் சாப்புடு. சத்துங்கறது கண்ணுக்குத் தெரியாதுன்னு டாக்டரே சொன்னாரு" என்றார் புருஷன்.

கை கழுவிவிட்டு வந்து ஆத்மநாதன் ரிஜிஸ்டரைத் திறந்தார். நடக்காததை எழுத அவருக்குக் கை வராதே. 'முட்டை இரண்டு: சொர்ணவல்லிக்கு, புருஷன் இலை வழியாக. பால் அரைப்படி: சொர்ணவல்லிக்கு, மாமியார் வழியாக' என்று முத்து முத்தாக எழுதினார். மறுநாளிலிருந்து 'மேற்படி' என்று போட்டார். அடியில் சொர்ணவல்லி கையெழுத்துப் போட வேண்டும். மூன்றாம் வகுப்பு படித்தவள். தினமும் வாசித்துப் பார்ப்பாள். ஒரு வார்த்தை பொய்யில்லை. போட்டுவிடுவாள்.

மார்கழியில் அவள் வளையல் முழங்கை வரை ஏறியது. எடை போடுகிற அன்று மடியில் குழவிக்கல்லைக் கட்டிக்கொண்டு போகலாமா என்றுகூட யோசித்தாள். மூட்டையில் பிடி மண் கலந்திருந்தாலே கண்டுபிடித்துவிடுகிற ராவுத்தர் நினைவுக்கு வந்தார். குழவியை அம்மியிலேயே வைத்துவிட்டாள்.

தை பிறந்தது. முடிவைக் கையோடு தெரிந்துகொண்டு போக வெள்ளைச்சாமி மண்டிக்கே வந்திருந்தார். சொர்ணவல்லி இருபத்தேழு வீசை. தாயார் நாற்பது. ஆத்மநாதன் ஏறியதும் தட்டு தரையோடு நின்றுவிட்டது. உள்ளேயிருந்து இன்னும் கல் கொண்டுவந்தார்கள். ஐம்பத்தொன்று.

ராவுத்தர் தாடியைத் தடவினார். "சரக்கு ஏறித்தான் இருக்கு, குமாஸ்தா ஐயா. மூட்டைதான் மாறிப்போச்சு."

ஆத்மநாதன் அதைப் பொருட்படுத்தவில்லை. கொடுக்க வேண்டியதெல்லாம் கொடுத்தாயிற்று, வாங்க வேண்டிய உடம்பு வாங்கவில்லை, ஆகவே 'தகுதியில்லை' என்று அறிவித்தார். மாமாவுக்குச் சந்தேகமிருந்தால் ரிஜிஸ்டரைப் பார்க்கலாம் என்றார். வெள்ளைச்சாமிக்கு எழுத்து தெரியாது, வாசிக்கச் சொன்னார். தன் எழுத்தைத் தானே வாசிக்கும் பாக்கியம் நகல் குமாஸ்தாக்களுக்கு எப்போதாவதுதான் வாய்க்கிறது. ஆத்மநாதன் கணீரென்று வாசித்தார்.

வெள்ளைச்சாமி அந்த முதல் வரியை மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு கேட்டார்:

"அதுக்கு மறுநாளு?"

"மேற்படி."

"அதுக்கும் மறுநாளு?"

"மேற்படிதான் மாமா. ஆறு மாசமும் மேற்படி. ஒரு நாள் தவறல."

வெள்ளைச்சாமி மருமகனின் வயிற்றைப் பார்த்தார். சொர்ணவல்லியின் மணிக்கட்டைப் பார்த்தார். "நெசமாம்மா?" என்றார் அவளிடம்.

"அவுக எழுதுனா பொய் இருக்காதுங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எம் மக நல்லாத் திங்கிறவக்கா. ஒங்க வீட்டு எலை அவளுக்குப் பத்தாது. நான் வாரேன்" என்று அக்காளிடம் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும் சொர்ணவல்லி உலை வைத்தாள். இரண்டு முட்டை அவித்தாள். ஒரே ஒரு இலையைப் போட்டாள். ஆத்மநாதன் கை கால் கழுவிக்கொண்டு வந்தபோது அந்த இலையின் முன்னால் அவள் உட்கார்ந்திருந்தாள். சோற்றில் நெய் விட்டுப் பிசைந்து, இரண்டு முட்டையையும் நிதானமாகச் சாப்பிட்டு, பாலையும் குடித்தாள். எழுந்து, இலையை மடிக்காமல் அவர் பக்கமாகத் திருப்பிவைத்தாள்.

"ஒக்காருங்க. சத்தெல்லாம் எலையிலதான் ஒட்டியிருக்கு."

நெய்க் கறை இருந்தது. மஞ்சள் துணுக்கும் ஒன்று இருந்தது. விஞ்ஞானப்படி அந்த இலையில் ஒரு குறையும் இல்லை. ஆறு மாத ரிஜிஸ்டரே அதற்கு அத்தாட்சி. இருந்தும் ஆத்மநாதன் அவர்கள் ஏனோ உட்காரவில்லை. உள்ளதை உள்ளபடி எழுதும் அந்த மகானுக்கு, அன்றைய பக்கத்தில் மட்டும் 'மேற்படி' என்று எழுதக் கை வரவில்லை.