ஒழுகாத லயம்

“கூரை ஒழுகுதாம் தங்கச்சி. பிரான்சுல இருந்து ஒருத்தன் காசத் திருப்பிக் கேக்குறான்” என்றார் றஹீம்.

கலாராணிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

“லயத்துக் கூரை ஒழுகாம என்னா செய்யும் நானா? அவன் என்ன துரை பங்களாவா வாங்குனான்?”

பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த றஹீமின் இன்டர்நெட் கடையில் அவள் வேலை பார்த்தாள். அவரை அண்ணன் முறைக்கு ‘நானா’ என்றுதான் கூப்பிடுவாள். அது 2009ஆம் வருடம். ஆள் வராத நேரங்களில் ஊர் கட்டுகிற ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு ஆடுவாள். அதில் விளையாடுகிறவர்களே வீடு, பாலம், கோயில் என்று செய்து, அதற்கென்று இருக்கும் இணையச் சந்தையில் விலைக்குப் போடலாம். மற்றவர்கள் வாங்கித் தங்கள் ஊரில் வைத்துக்கொள்வார்கள். ஊரெல்லாம் கோட்டையும் அரண்மனையும் விற்றபோது கலாராணி தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். நமுனுகுலப் பக்கம் அவள் பிறந்து, இன்றைக்கும் குடியிருக்கிற தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயம்தான் அது. வரிசையாகப் பன்னிரண்டு வீடு, கறுத்த சுவர், துருப்பிடித்த தகரம், அத்தனை வீட்டுக்கும் தண்ணீர் பிடிக்க ஒரே ஒரு பீலி. சுவரில் தோட்டத்துப் பெயரும் லய நம்பரும்கூட எழுதியிருந்தாள். விளையாட்டில் மழை பெய்தால் மூன்றாவது வீட்டுக்குள் சொட்டும். அது அவளுடைய வீடு.

நிஜ லயத்தில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் தோட்டத்து மேனேஜர் துரையைக் கேட்க வேண்டும். அவளுடைய அப்பா கணபதி இளைப்புக்காரர். கூரை மாற்றித் தரச் சொல்லி இரண்டு வருடமாகத் தோட்டத்து ஆபீசுக்கு நடக்கிறார். தகரம் வரும், வரும் என்கிறார் உதவி மேனேஜரான சின்னத்துரை. எந்த நாட்டிலிருந்து தவழ்ந்து வருகிறதோ, கடவுளுக்கே வெளிச்சம். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் கூரை மாறாவிட்டால் அந்த ஈரத்தில் அப்பாவின் நெஞ்சு தாங்காது என்று டாக்டரே சொல்லிவிட்டார். இப்படி வயிறு எரிந்துகொண்டிருப்பவளிடம் போய்ப் பிரான்சுக்காரன் ஒழுகுது என்கிறான்!

“ஒரு கிழமைக்குள்ள சரி பண்ணாட்டி சாமானத் தூக்கிருவோம்னு சந்தைக்காரன் எழுதியிரிக்கான்” என்றார் றஹீம்.

கலாராணி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அரை மணி நேரத்தில் பன்னிரண்டு வீட்டுக்கும் புதுத் தகரம் போட்டாள். எந்தத் துரையையும் கேட்கவில்லை.

மறுநாள் ‘கிரீன் வியூ’ என்ற பெயரில் ஒருவர் வாங்கினார். கூடவே ஒரு கடிதம். றஹீம் வாசித்துத் தமிழில் சொன்னார்: “கூரை நன்று. ஆனால் பன்னிரண்டு வீட்டுக்கும் ஒரே பீலி என்பது பார்ப்பதற்கு அழகாயில்லை. வீட்டுக்கு வீடு குழாய் அமைத்துத் தரவும். இதை அவசரமாகக் கருதவும்.”

“பாருங்க, வெள்ளக்காரன் என்னா மரியாதையா எழுதுறான்!” என்று அவரே மெச்சினார்.

“மரியாதையாம் மரியாதை! எங்கம்மா வாழ்நாள் பூரா அந்தப் பீலியடியில நின்னே காலு வீங்கிச் செத்துச்சு. இவனுக்கு அழகு பத்தலயாம்!”

திட்டிக்கொண்டே பீலியை எடுத்துவிட்டு வீட்டுக்கு வீடு குழாய் போட்டாள். அவ்வளவுதான், தங்கள் ஊரிலும் பீலி காணாமல்போன பழைய வாடிக்கைக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். பீலியடியில் குடத்தை வைத்துக்கொண்டு சண்டை பிடிப்பதுதான் தங்களுக்குப் பிடித்த இடமாம். அதை ஏன் எடுத்தாய் என்று ஆளாளுக்குக் காசைத் திருப்பிக் கேட்டார்கள்.

“பழசயும் தனியாப் போடுவோம் தங்கச்சி. வேணுங்கிறவன் வேணுங்கிறத வாங்கட்டும்” என்று றஹீம் யோசனை சொன்னார்.

போட்டார்கள். சந்தைக்காரன் பழைய லயத்தைத் தூக்கிக் கடாசிவிட்டான். கலாராணி காரணத்தை றஹீமிடம் இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். ‘இப்படிப்பட்ட வீட்டில் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்பது நம்பும்படியாக இல்லை.’

கீபோர்டில் அவள் அடித்த அடியில் ஓர் எழுத்துக் கட்டை எகிறி மேசைக்கு அடியில் போய் விழுந்தது.

“நம்பலயாமே நானா! அவன இங்க வரச் சொல்லுங்க. ஒரே ஒரு ராத்திரி எங்க வீட்டுக் காம்பராவுல படுக்கச் சொல்லுங்க. எவன நம்ப வைக்க நான் பொறந்தேன்?”

“அவன விடுங்க. என்ட கீபோர்டு என்ன செஞ்சிச்சு ஒங்களுக்கு?”

புது லயத்தை வாங்க இப்போது கிரீன் வியூவைத் தவிர நாதியில்லை. அந்த ஆளோ விடுகிறதாயில்லை. ஜன்னல் வேண்டும் என்றார். வைத்தாள். வெள்ளை அடிக்கச் சொன்னார். அடித்தாள். வாசலில் குரோட்டன் தொட்டிகள் வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் தனியாகக் காசு வந்தது, இல்லையென்று சொல்லக்கூடாது. சுவரில் இருக்கும் பெயரையும் நம்பரையும் மட்டும் தொட வேண்டாம் என்றார். கடைசியில், குடியிருப்பாளர் ஒருவர் மகிழ்ச்சியாக நின்றால் படம் பூரணமாகும் என்று எழுதினார்.

“மகிழ்ச்சியா வேணுமாம், மகிழ்ச்சி! இருக்கவன் எவன்னு தேடிப் பிடிக்கிறதாம்?”

எரிச்சலில் அப்பாவையே நிறுத்தினாள். அவருடைய அடையாள அட்டைப் படத்தை எடுத்து முகத்தில் ஒட்டினாள். அந்தப் படத்தில் அவர் யாரோ அடிக்கப்போகிறார்கள் என்பதுபோல் முழித்துக்கொண்டிருந்தார். உதட்டின் இரண்டு ஓரத்தையும் மௌஸால் பிடித்து மேலே இழுத்துவிட்டாள். அப்பா சிரித்தார்.

“நல்லாயிருக்கு” என்றார் றஹீம்.

“ஆமா, இங்க மட்டுந்தான் அவருக்கு நல்லாயிருக்கு” என்று அவள் மூக்கை உறிஞ்சினாள்.

கிரீன் வியூ உடனே காசு கட்டி வாங்கிக்கொண்டார். மறுநாள் சாயந்தரம் மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், கட்டிலின் மூலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு அப்பா விசிலடிப்பதுபோல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பாயெல்லாம் சொதசொதவென்று நனைந்திருந்தது. கலாராணி ஏனத்தை எடுத்து ஒழுகுகிற இடத்தில் வைத்தாள். ஒழுக்கு இடத்தை மாற்றிக்கொண்டது. கூரையைப் பார்த்து அவள் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

விடிந்ததும் கடைக்குப் போகாமல் அப்பாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு தோட்டத்து ஆபீசுக்குப் போனாள். வாசலில் புதிதாக வேலைக்கு வந்த பியோன் நல்லையா மட்டும் இருந்தார்.

“சின்னத்துரை எங்க?”

“கொழும்புல மீட்டிங். என்னா வெசயம்?”

“வெசயமா? மனுசன் மூச்சு விட முடியாம நிக்கிறது தெரியலயா? தகரம் எப்ப வரும்? இவரு போய்ச் சேந்தப்புறமா? இன்னைக்கு ஒரு பதில் தெரியாம இந்த எடத்த விட்டு நகர மாட்டேன்!”

நல்லையா கணபதியின் முகத்தையே உற்று உற்றுப் பார்த்தார். பிறகு ஆள் பிடிபட்டதுபோல் முகம் மலர்ந்தார்.

“அட, நீங்களாண்ணே! புதுத் தகரம் போட்டாச்சு, வீட்டுக்கு வீடு பைப்பு குடுத்தாச்சுன்னு கொழும்புல கம்பெனிக்காரங்களுக்குக் காட்டுறதுக்குச் சின்னத்துரை கம்ப்யூட்டர்ல காசு கட்டி வரவழைச்சுக் கொண்டுபோன படத்துல, ஒங்க லயத்து வாசல்ல எம்புட்டு சந்தோசமா சிரிச்சுக்கிட்டு நின்னீங்க!”