நடுவயலில் நின்ற புது டிராக்டர்

வடக்கு அயோவா,
ஞாயிறு, தேவாலயம் போய் வந்த பின்.

மதிப்புக்குரிய மாப்பிள்ளை லோரன் அவர்களுக்கு, மாமனார் வெர்லின் ட்யாடன் எழுதுவது. நானும் உங்கள் மாமியார் ஆர்டித்தும் சுகம். நீங்கள் வாங்கச் சொன்ன டிராக்டருக்குத்தான் உடம்பு சரியில்லை.

"பழசைத் தள்ளிவிடுங்க மாமா, புதுசு கம்ப்யூட்டர்ல ஓடும், உங்களுக்கு வேலையே இருக்காது" என்றீர்கள். அது பலித்துவிட்டது. ராத்திரி மழை வரும் என்று ரேடியோவில் சொன்னதால் நேற்று விடிந்ததுமே மக்காச்சோளம் விதைக்க இறங்கினேன். மேற்கு வயலில் பாதிகூடப் போகவில்லை, புகையைச் சுத்தப்படுத்தும் திரவம் தீர்ந்துவிட்டதாகத் திரையில் எழுத்து வந்து, வண்டி ஊர்ந்து ஊர்ந்து நின்றேவிட்டது. மூடியைத் திறந்தால் தொட்டி விளிம்புவரை தளும்புகிறது. ஆர்டித் எட்டிப் பார்த்து, "மூன்றரை லட்சம் டாலர் குடுத்தோம், இதுக்குத் தன் வயிறு நிறைஞ்சிருக்கறதே தெரியலையே"ன்னா. கடைக்கு போன் போட்டா, அங்க ஒரு பொண்ணு, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்"ங்குது. பண்ணேன், அசையல. "லேப்டாப் வச்சு ரிப்பேர் பாக்கற ஆள் திங்கக்கிழமைதான் வருவார்"ங்குது. "அதுவரைக்கும் மழை காத்திருக்குமாம்மா?"ன்னேன். "அது எங்க டிபார்ட்மெண்ட் இல்ல சார்."

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து நிலத்து ஹார்லன் வந்தான், என் பழைய டிராக்டரை எட்டாயிரத்துக்கு ஏலத்தில் எடுத்தவன். அதிலேயேதான் வந்தான்.

"என்ன வெர்லின், நடுவயல்ல சிலை வச்சிருக்கே. யாருக்கு?"

சிரித்து முடித்துவிட்டு, அதையும் தன் விதைப்புக் கருவியையும் இரவல் கொடுத்தான். பாதி வேலையில் ஆயில் குழாய் வெடித்து முகமெல்லாம் எண்ணெய். அதனால் என்ன, வேறு குழாயை மாட்டிக் கம்பியால் இறுக்கினேன், ஓடியது. முதல் தூறல் விழும்போது வயல் முடிந்திருந்தது.

ஆகவே அடுத்த ஞாயிறு வந்து, கடைக்காரரிடம் பேசி இதைத் திருப்பிக் கொடுத்துவிடவும். மகள் ஜோலீனுக்கு அன்பு. திரை இல்லாத சாமான்களோடு கர்த்தர் உங்களை நெடுநாள் வாழவைப்பாராக.

இப்படிக்கு,
வெர்லின்

பின்குறிப்பு: தபாலில் போடுவதற்குள் லேப்டாப்காரர் வந்து, திரவத் தொட்டியில் இருந்த விரல் நீளச் சென்சார் ஒன்றை மாற்றிவிட்டுப் போனார். திருப்பிக் கொடுக்குமுன் ஒருதடவை ஓட்டிப் பார்ப்போம்னு ஏறினேன்; ஆர்டித்தும் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். கண்ணாடிக் கூண்டுக்குள் எஞ்சின் சத்தமே இல்லை. பேசிக்கொண்டே கிழக்கு வயலையும் முடித்துவிட்டோம். கல்யாணமான நாளிலிருந்து, டிராக்டரில் இருக்கும்போது அவள் சொல்வது எனக்குக் கேட்டதே இல்லை மாப்பிள்ளை. நல்லா வேடிக்கையாப் பேசறா. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாங்க. கடைக்காரர்கிட்ட ஒண்ணும் பேச வேண்டாம்.