மீசைக்குச் சொந்தக்காரி

என் மீசையை ஏலம் விட முடிவு செய்தது நான்தான். யாரும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுக்கதையையும் கேட்டால் வேறு மாதிரி நினைப்பீர்கள்.

நான் டெஸ் பிக்கரிங். ஷெப்பர்ட்டன் ஊரில் பழைய கார் வியாபாரம். பள்ளிக்கூடம் என்னைக் கழித்துக்கட்டிய வயதிலிருந்து பேரம்தான் படிப்பு. கடைப் பலகையில் பெயர்கூடக் கிடையாது. என் மீசையைத்தான் பெரிதாக வரைந்து மாட்டியிருக்கிறேன். அதன் கீழே நானே எழுதிய வாசகம்: 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.' அதன் முன்னால் நின்று அழுத வாடிக்கையாளர்கள் உண்டு. பலகை இளகியதில்லை.

நவம்பர் வந்தால் எங்கள் கிரிக்கெட் கிளப் பையன்கள் ஆண்களின் ஆரோக்கியத்துக்கு நிதி திரட்ட மீசை வளர்ப்பார்கள். மாதப் பிறப்பில் மழுமழுவென்று வருவார்கள். மாதக் கடைசியில் உதட்டுமேல் ஒரு கம்பளிப்பூச்சியோடு நிற்பார்கள். ஊர் சிரித்துவிட்டுப் பணம் போடும். இந்த வருஷம் சிரிப்பு கொஞ்சம் கம்மி. எங்கள் அம்பயர் நெவில் போன குளிர்காலத்தில் போய்விட்டார். ஊரில் பாதிப் பேருக்கு விரலைத் தூக்கி அவுட் கொடுத்தவர், தனக்கு விரல் தூக்கியாச்சு என்று தெரியாமலே ஆடிக்கொண்டிருந்திருக்கிறார். டாக்டரிடம் போனபோது ப்ராஸ்டேட் புற்றுநோய் எலும்புவரை இறங்கியிருந்தது.

அவர் போன அன்றைக்கு ஆரம்பித்தாள் என் மனைவி க்ளெனிஸ்.

"ராத்திரியில எதுக்கு இப்படி எந்திரிச்சு எந்திரிச்சுப் போற, டெஸ்?"

"நாய் குலைச்சுச்சு. பார்க்கப் போனேன்."

"நம்ம நாய் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு."

"பக்கத்து வீட்டு நாய்."

"பக்கத்து வீட்டு நாய் நம்ம பாத்ரூம்லயா குலைக்குது?"

"இப்ப உனக்கு என்ன வேணும்?"

"டாக்டரைப் பாரு."

"வண்டி ஓடுதா? ஓடுது. ஓடுற வண்டிக்கு எவனாவது பானெட்டைத் திறப்பானா?"

"விக்கிற வண்டியைப் பத்திச் சொல்ற. நான் வச்சிக்கப்போற வண்டி இது."

நான் கதவை அறைந்து சாத்திவிட்டுக் கடைக்குப் போய்விட்டேன். கோபத்தில் எனக்குப் பிடித்த விஷயமே அதுதான். பதில் சொல்ல வேண்டியதில்லை.

அதே கோபம்தான் கிளப்பிலும் காலை வாரியது. கேப்டன் ட்ராய் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டான்.

"நாங்க அரிக்க அரிக்க வளர்க்கறோம். டெஸ் மட்டும் பழைய சரக்கை வச்சே பேர் வாங்கிக்கறாரு."

எனக்கு எங்கே சுருக்கென்று ஏறுமோ அங்கே ஏறியது.

"பழைய சரக்கா? இந்த மீசையை ஏலத்துக்கு விடறேன்டா. ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுல. எடுத்தவங்க இஷ்டம். மழிக்கட்டும், முறுக்கட்டும், என்ன வேணா செய்யட்டும்."

கைதட்டினார்கள். வீடு வந்து கண்ணாடியைப் பார்த்தபோதுதான் கணக்குப் போட்டேன். மீசை போனால் பலகையில் இருப்பது யார்? பலகையில் இருப்பவன் இல்லையென்றால் என்னிடம் யார் வண்டி வாங்குவான்?

ஆனால் நான் வியாபாரி. பக்கத்து டயர் கடை ராலியைப் பிடித்தேன்.

"மாப்ளே, ஏலத்துல நீ கேளு. எவன் எவ்வளவு ஏத்தினாலும் மேல கேளு. பணம் என்னுது. மீசை உனக்கு. நீ அதை என் மூஞ்சியிலயே விட்டு வைக்கிற."

"எனக்கென்ன லாபம்?"

"ஒரு பெட்டி பீர்."

"ரெண்டு."

"ஒண்ணரை."

கைகுலுக்கினோம். தருமத்துக்குப் பணமும் போகும், மீசையும் தங்கும். கூழும் குடித்தாயிற்று, மீசையும் நனையவில்லை. இப்படி ஒரு திட்டம் போடப் படித்தவனால் முடியுமா?

ஞாயிறு மதியம் நல்ல வெயில். இறைச்சி அடைத்துச் சுட்ட ரொட்டி, தக்காளி சாஸ், ஈ. எப்போதும் நெவில் உட்காரும் நாற்காலியில் மட்டும் யாரும் உட்காரவில்லை. நான் மேஜைமேல் ஏறி நின்றேன். சுத்தியலுக்குப் பதிலாக ட்ராய் கையில் கிரிக்கெட் மட்டை. பையன்கள் மழிக்கும் ஆசையில் கேட்டார்கள். ராலி ஏற்றினான். அவர்கள் ஏற்றினார்கள். ராலி இன்னும் ஏற்றினான். எனக்கு மீசை துடித்தது. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் ராலிக்கு மேலே கேட்டது. தெரிந்த குரல். தினமும் காலையில் என்னை எழுப்பும் குரல்.

நான் ராலியைப் பார்த்தேன். ராலி சாஸ் பாட்டிலைப் பார்த்தான்.

"ராலி, கேளுடா."

"தொண்டை கட்டிக்கிச்சு, டெஸ்."

மட்டை மேஜையில் விழுந்தது. மீசை க்ளெனிஸுக்கு.

கீழே குதித்து ராலியின் சட்டையைப் பிடித்தேன். "ஒண்ணரைப் பெட்டி பீருக்கு மேல என்னடா குடுத்தா அவ?"

"ஒண்ணும் குடுக்கல. 'நெவில் நாற்காலிக்குப் பக்கத்துல இன்னொரு நாற்காலி காலியாகணுமா'ன்னு கேட்டாங்க. அதுக்கு எப்படிப் பேரம் பேசறது, நீயே சொல்லு."

எனக்கும் தெரியவில்லை. அதனால் க்ளெனிஸிடம் கத்தினேன். "இவ்வளவு பணம் உனக்கு ஏது?"

"உன் படகை வித்துட்டேன். மூணு வருஷமா ஷெட்டுலதானே கிடந்துச்சு."

"யாருக்கு?"

ராலி மறுபடியும் சாஸ் பாட்டிலைப் பார்த்தான்.

"எவ்வளவுக்குப் பேசின?"

"பேசல. அவர் சொன்ன விலைக்கே குடுத்தேன்."

மீசை போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். பேரம் பேசாததைத்தான் தாங்க முடியவில்லை.

"சரி, மழிச்சுத் தொலை," என்றேன்.

"எதுக்கு மழிக்கணும்? நல்ல விலை குடுத்து வாங்கின பொருள். செவ்வாய்க்கிழமை காலையில அதை டாக்டர் நோலன்கிட்டக் கூட்டிட்டுப் போறேன். நீயும் வேணும்னா கூட வா."

"ஏலத்தை ரத்து பண்ணு. ரெண்டு மடங்கு தரேன்."

அவள் என் கடைப் பலகை இருக்கும் திசையில் கையைக் காட்டினாள். வாசகத்தைச் சொல்லவில்லை. கிளப் மொத்தமும் சொன்னது, ஒரே குரலில்.

செவ்வாய்க்கிழமை டாக்டர் நோலன் கண்ணாடிக்கு மேலாக எங்களைப் பார்த்தாள். "யாருக்குப் பார்க்கணும்?"

"மீசைக்கு," என்றாள் க்ளெனிஸ். "ஆளு துணைக்கு வந்திருக்கார்."

ரத்தம் எடுத்தார்கள். அழுத்தம் பார்த்தார்கள். நான் வண்டிகளுக்குக்கூடப் பார்க்காத இடமெல்லாம் பார்த்தார்கள். முடிவு வரும்வரை நான் யாரிடமும் சண்டை போடவில்லை. ஒரு வாடிக்கையாளருக்கு அவன் கேட்காமலே விலையைக் குறைத்தேன். அவன் பயந்துபோய் வாங்காமலே போய்விட்டான்.

புற்றுநோய் இல்லை. ப்ராஸ்டேட் வீங்கியிருக்கிறது, மாத்திரை போதும். ரத்த அழுத்தம்தான் எகிறிக் கிடந்தது. "இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா திடீர்னு எங்கயாவது விழுந்திருப்பீங்க," என்றாள் டாக்டர். க்ளெனிஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்த மாதிரி இருந்தது. வெயில் என்றாள்.

காரில் ஏறியதும் குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "அதான் பார்த்தாச்சே. மீசையை என்ன விலைக்குத் திருப்பித் தருவ?"

"விக்கறதா இல்ல. வாடகைக்கு விடறேன்."

"வாடகை எவ்வளவு?"

"வருஷா வருஷம் நவம்பர்ல ஒரு தடவை டாக்டர். தவறினா சவரக்கத்தி."

"ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவைன்னு வச்சிக்குவோம்."

"ஆறு மாசத்துக்கு ஒரு தடவைன்னு வச்சிக்குவோம்."

பேரத்தில் எப்போது வாயை மூட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒன்று என்று கைகுலுக்கினேன்.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லிக்கொள்ளும் ஆள் நான். இனி ஒட்டினால், தட்டிவிடவும் சொந்தக்காரியைக் கேட்க வேண்டும்.