வளைகாப்புப் படங்களில் பதிந்த மணி

கண்ணால் பார்க்க வேண்டியதையும் போன் வழியாகப் பார்க்கிற ஆள் நான். அந்தப் பழக்கத்தால் கெட்டது ஒரே ஒரு காலைப்பொழுதுதான். இந்த ஜென்மத்துக்கு அது போதும்.

என் மனைவி சுமதிக்கு அப்போது ஏழாம் மாதம். இலுப்பூரில் எங்கள் வீட்டிலேயே வளைகாப்பு. எங்கள் கல்யாண ஆல்பத்தில் பாதிப் படங்களில் நான் கண்ணை மூடியிருப்பேன் (மீதிப் பாதியில் வாயைத் திறந்திருப்பேன்). அதனால் இந்த முறை போட்டோகிராபரே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, புதுப் போனோடு நானே களத்தில் இறங்கினேன்.

காலையில் தலை வாரும்போதே சுமதி சொன்னாள். "என்னங்க, இடுப்பு வலிக்குது. விட்டு விட்டு வருது. அடிவயிறும் கனமா இருக்கு."

"நேத்து மருதாணி வச்சுக்கிட்டு ஒரே எடத்துல ஒக்காந்திருந்தீல்ல, அதான்" என்றேன். உரக்கடை வைத்திருக்கும் நான் டாக்டராகிவிட்டேன். கடைக்குப் போய் ஒரு சோடா வாங்கிவந்து கொடுத்தேன்.

அவளை மனையில் உட்காரவைத்து, பெண்கள் ஒவ்வொருவராகச் சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். நான் எதிரே குந்திக்கொண்டு, "சுமதி, சிரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நன்றாகத்தான் சிரிப்பாள். திடீரென்று முகம் சுருங்கும், உதட்டைக் கடித்துக்கொள்வாள்.

"படத்தைக் கெடுக்காத, சிரி."

"வயிறு கல்லு மாதிரி ஆகுதுங்க."

"வாயுவா இருக்கும். பந்தி முடியட்டும்."

அடுத்த தெருவில் இருக்கும் கிராம நர்ஸ் ஜெயாக்காவும் வளையல் போட வந்தார். சுமதியின் முகத்தைப் பார்த்தவர், வளையலைத் தட்டில் வைத்துவிட்டு அவள் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"எம்புட்டு நேரத்துக்கு ஒருக்கா வருது?"

"தெரியலக்கா. காலையிலேருந்து வந்து வந்து போகுது. சித்த முன்னாடி தண்ணி மாதிரி கசிஞ்சுச்சு. இத்தனை பேருக்கு முன்னாடி எப்படிச் சொல்றதுன்னு..."

எனக்கு மானம் போனது போலிருந்தது. "அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா, நல்லாச் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தா. பாருங்க" என்று சாட்சிக்குப் போனை நீட்டினேன்.

ஜெயாக்கா படங்களைத் தள்ளிக்கொண்டே போனார். சிரித்த படங்களை விட்டுவிட்டு, முகம் சுருங்கிய படங்களில் மட்டும் நின்று, மேலே இருந்த நேரத்தைப் படித்தார். "பத்து பன்னெண்டு. பத்து இருவத்திரண்டு. பத்து முப்பத்தொண்ணு. பத்து நாப்பது."

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "பத்து நிமிசத்துக்கு ஒருக்கா வலி வந்திருக்கு தம்பி. ஒங்க போனுக்குத் தெரிஞ்சிருக்கு. போன மாசம் செக்கப்புல இதைத்தானே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்? வயிறு இறுகி இறுகி விட்டாலோ, இடுப்பு வலி விட்டு விட்டு வந்தாலோ, தண்ணி கசிஞ்சாலோ, இன்னும் நாள் இருக்கேன்னு இருக்காம ஒடனே வாங்கன்னு."

(அவர் சொன்னபோது நான் எந்தப் போன் வாங்கலாம் என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

கை நிறைய வளையலோடு சுமதி ஆம்புலன்ஸில் புதுக்கோட்டைக்குப் போனாள். "காலையிலேயே வந்திருந்தா வலியைத் தள்ளிப்போடப் பாத்திருக்கலாம். குழந்தை நுரையீரலுக்குப் போடுற ஊசி வேலை செய்யவும் நேரம் கெடச்சிருக்கும்" என்றார் டாக்டரம்மா. அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்று சாயங்காலமே மகள் பிறந்தாள். ஒன்றரைக் கிலோகூட இல்லை. நாற்பது நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தாள். உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது என்பதால், வெறும் கண்ணோடு நின்று அந்தச் சின்ன நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்தேன். சோடாவுக்குப் போன நேரத்தில் ஒரு ஆட்டோ பிடித்திருந்தால் அவள் மூக்கில் அந்த ஆக்சிஜன் குழாய் இருந்திருக்காதோ என்று அன்றைக்கு அழுதேன். இன்றைக்கும் அது ஆறவில்லை.

மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு. சளி பிடித்தால் கொஞ்சம் இழுக்கும், மற்றபடி நல்ல வாயாடி. எங்கள் குடும்பத்தில் யாராவது போட்டோவுக்கு முகம் சுளித்தால், "மாப்பிள்ளை, மணியப் பாருங்க" என்று மாமியார் ஆரம்பித்துவிடுவார். மகளும் கற்றுக்கொண்டுவிட்டாள். நான் போனை எடுத்தாலே மூஞ்சியைக் கோணிக்கொண்டு, "அப்பா, மணி என்ன?" என்பாள்.

எல்லோரும் சிரிப்பார்கள், சுமதியும்தான். நான் மட்டும் ஒருமுறை மணியைப் பார்த்துக்கொள்வேன்.