மூன்று பூட்டுக்குள் இருந்த இன்டர்நெட்

திண்டுக்கல்,
ஆகஸ்ட் 2005.

பாசமுள்ள மாப்பிள்ளை ஆண்டனிராஜுக்கு அத்தான் மரியசெல்வம் எழுதுவது. மாதாவின் தயவில் இங்கு நானும் உன் அக்கா அமலராணியும் சுகம். சென்னையில் நீயும் லிடியாவும் பிள்ளைகளும் அதேபோல் சுகமாக இருக்க வேண்டுகிறோம். உன் அக்காவின் முழங்கால் வலி பழையபடியே இருக்கிறது. அதனால் தண்ணீர்க் குடம் இப்போது என் தலையில். வேறு விசேஷம் இல்லை.

விசேஷம் இல்லை என்று எழுதியது பொய். நீ இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். எங்கள் குடிசை மாற்று வாரியக் குடியிருப்புக்கு நீ அனுப்பிய கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் எப்படி இருக்கின்றன என்பது ஒன்று. எங்கள் குடியிருப்புப் பிள்ளை ஜீவிதா நர்ஸிங் படிப்பில் சேர்ந்துவிட்டாளா என்பது இன்னொன்று. கம்ப்யூட்டர் பிரமாதமாக இருக்கிறது. ஒரு கீறல் கிடையாது, ஒரு பொட்டுத் தூசி கிடையாது. இரண்டாவது கேள்விக்குப் பதில் எழுதப் பேனா நகர மாட்டேன் என்கிறது, அதனால் முதலிலிருந்தே வருகிறேன்.

அந்தக் கம்ப்யூட்டர் வந்து இறங்கிய அன்று நீ பார்த்திருக்க வேண்டும் மாப்பிள்ளை. பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார், ஜீவிதாவின் தாய் ராமுத்தாய் அதன் நெற்றியில் குங்குமம் வைத்தாள், இட்லிக் கடை பக்ருன்னிசா எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தது, ஏதோ புது மருமகள் வீட்டுக்கு வந்த மாதிரி. அன்றைக்கே குடியிருப்போர் சங்கத்தைக் கூட்டினோம். போன வருஷம் தண்ணீர் மோட்டார் களவு போன ஊர் இது, இவ்வளவு பெரிய சாமானை யாரை நம்பி விடுவது என்று ஆளாளுக்குச் சத்தம். அப்போது சங்கத் தலைவராகிய நான்தான் அந்த அருமையான யோசனையைச் சொன்னேன். நம் கோயில் உண்டியலுக்கு மூன்று பூட்டு, மூன்று பேரிடம் சாவி, மூன்று பேரும் கூடினால்தானே திறக்கும், அதே மாதிரி இன்டர்நெட்டுக்கும் சங்க அறைக் கதவில் மூன்று பூட்டுப் போடுவோம் என்றேன். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. ஒரு சாவி எனக்கு, ஒன்று பக்ருன்னிசாவுக்கு, ஒன்று மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் பேச்சிமுத்துவுக்கு. பூட்டெல்லாம் நம் ஊர்ப் பூட்டு. செய்தவனே திரும்பி வந்தாலும் சாவி இல்லாமல் திறக்க முடியாது என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார்.

அதோடு விட்டோமா? குடியிருப்புக்கே பொதுவாக ஒரு மெயில் முகவரி, அதற்கு ஒரு பாஸ்வேர்டு. அதையும் மூன்று துண்டாக்கினோம். ஒருவர் தன் துண்டை அடிக்கும்போது மற்ற இருவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். தன் துண்டை யாருக்கும் சொல்ல மாட்டோம் என்று அவரவர் சாமி மேல் சத்தியம் வேறு செய்தோம். பேச்சிமுத்து விடியுமுன் மார்க்கெட்டுக்குப் போகிறவன், பக்ருன்னிசா கடையை மூடும்போது நான் மதியத் தூக்கத்தில் இருப்பேன், மூவரும் ஒன்றாகக் கூடும் நேரத்தில் கரண்ட் இருக்காது. ஆகவே இன்டர்நெட் பத்திரமாக இருந்தது. பஸ்ஸில் டிக்கெட் கிழித்தே காலத்தைக் கழித்த எனக்கு, வரிசையில் நின்றவர்களை நாளைக்கு வாருங்கள் என்று அனுப்புவது ஒன்றும் கஷ்டமாகவும் இல்லை.

இப்போது ஜீவிதா விஷயம். அவள் தாய் வெங்காயக் குடோனில் தாள் அறுத்து, கண் எரிய எரிய அவளைப் பன்னிரண்டாவது வரை படிக்க வைத்தது உனக்குத் தெரியும். கோயம்புத்தூரில் ஒரு நர்ஸிங் பள்ளியில் ஏழைப் பெண்களுக்கு இலவசமாக இடம் தருகிறார்கள் என்று நம் கம்ப்யூட்டரில்தான் அவளே கண்டுபிடித்து மனுப் போட்டாள். நேர்காணலுக்குக் கூப்பிட்டால் மெயிலில்தான் கூப்பிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று நாங்கள் மூவரும் சுவரைப் பார்த்துக்கொண்டே அவளை வாழ்த்தினோம்.

ஆடிக் கிருத்திகை வந்தது. பேச்சிமுத்து காவடி எடுத்துப் பழனிக்கு நடந்துவிட்டான், சாவி அவன் அரைஞாண் கயிற்றில். மறுநாளே ஜீவிதா ஓடி வந்தாள். மனுப் போட்ட வேறொரு பிள்ளைக்கு மெயில் வந்துவிட்டதாம். வெளியே நெட் சென்டரில் போய்ப் பார்க்கலாம் என்றால் பாஸ்வேர்டு மூன்று துண்டு. நான் பஸ் ஏறிப் போய் ஒட்டன்சத்திரத்துக்கு அந்தப் பக்கம் பேச்சிமுத்துவைப் பிடித்து, அவனுடைய பாஸ்வேர்டுத் துண்டைக் கேட்டேன்.

"அண்ணே, காவடி தூக்கிட்டு நடக்கேன். இந்தக் கோலத்துல சத்தியத்த மீறச் சொல்றீகளா? முருகனப் பாத்துட்டு நானே வந்து அடிக்கிறேன்" என்றான்.

மாப்பிள்ளை, எனக்குக் கோபம் வரவில்லை. பெருமையாக இருந்தது. எப்பேர்ப்பட்ட ஆளிடம் சாவி கொடுத்திருக்கிறோம் என்று நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

ஜீவிதா வாசலிலேயே நின்றாள். "மாமா, பூட்ட ஒடச்சிருவோம் மாமா. ஒடச்சிட்டா, மெயில் வந்தா திரையிலேயே காட்டுற மாதிரி அன்னைக்குத் தொறந்தப்பவே வச்சிருக்கேன். பாஸ்வேர்டு கேக்காது. புதுப் பூட்டு நானே வாங்கித் தாரேன்."

"ஏம்மா, தலைவரே ஒடச்சா நாலு பேரு என்ன பேசுவாக? செத்தப் பொறு தாயி, இந்தா வந்துருவான்" என்றேன்.

அந்த நாலு பேர் யாரென்று இன்றுவரை யோசிக்கிறேன். ஒருவன் முகமும் ஞாபகத்துக்கு வரவில்லை.

பேச்சிமுத்து மொட்டைத் தலையும் பஞ்சாமிர்த டப்பாவுமாக வந்தான். மூன்று பூட்டையும் முறைப்படி திறந்தோம், முறைப்படி சுவரைப் பார்த்தோம். மெயில் இருந்தது. சான்றிதழ்களோடு நேரில் வரவும், வராதவர்கள் விருப்பமில்லாதவர்களாகக் கருதப்படுவார்கள் என்று எழுதியிருந்தது. நாள் முந்தின நாளோடு போயிருந்தது. ஜீவிதா அதை இங்கிலீஷில் படித்து, எங்களுக்காகத் தமிழில் நிதானமாகச் சொன்னாள். அங்கே போன் போட்டுப் பார்த்தோம், இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். அவள் அழவில்லை. "கரண்டு வீணாப் போகுது மாமா" என்று கம்ப்யூட்டரை அணைத்து, துணியைப் போர்த்திவிட்டுப் போனாள். மாப்பிள்ளை, அந்தப் பிள்ளையின் படிப்பைப் பூட்டி வைத்தது நான்தான்.

ஆகவே என் வேண்டுகோள் இது. நீ ஆள் அனுப்பி அந்தக் கம்ப்யூட்டரை எடுத்துக்கொள். திறந்து வைக்கத் தெரிந்த இடத்துக்குக் கொடு. நான் தலைவர் பதவியை விடுகிறேன், இனி என் வீட்டு அலமாரியைக்கூடப் பூட்டப்போவதில்லை. உனக்கும் லிடியாவுக்கும் பிள்ளைகளுக்கும் மாதா சகல நன்மையும் அருளட்டும். அக்கா உன்னை ரொம்பக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
வருத்தத்துடன்,
மரியசெல்வம்.

பின்குறிப்பு: ஆள் அனுப்ப வேண்டாம். இதை ஒட்டுவதற்குள் சங்கம் அவசரமாகக் கூடி, எல்லோரும் கேட்டுக்கொண்டதால் நானே தலைவராக நீடிக்கிறேன். ஜீவிதாவுக்கு நடந்த அநியாயத்தை ஈடுசெய்ய ஏகமனதாக ஒரு முடிவும் எடுத்தோம். இனி அவளையும் பொறுப்பில் சேர்த்துக்கொள்வது, அவளுக்கென்று நாலாவதாக ஒரு பூட்டு. நல்ல பெரிய பூட்டாகப் பார்த்து வாங்கி, மாலை போட்டு மரியாதையாகச் சாவியைக் கொடுக்க மூவரும் அவள் வீட்டுக்குப் போனோம். வீட்டில் யாரும் இல்லை. தாயும் மகளுமாக விடியற்காலையிலேயே வெங்காயக் குடோனுக்குப் போய்விட்டார்கள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.